காய்ச்சல் வந்தா காலேஜ் பிள்ளை எங்கே போறது? தேர்வாய் கண்டிகை பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

ராத்திரி 10 மணி. சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகளிடம் இருந்து போன். "அம்மா... ரெண்டு நாளா காய்ச்சல்மா. எழுந்திருக்கவே முடியல."

அம்மா என்ன சொல்வார்? "மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு படுத்துக்கம்மா. காலையில அப்பாவை அனுப்புறேன்."

காலையில் அப்பா ஷிப்டை விட்டுவிட்டு, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி ஓடுகிறார். மகளை தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ் என்று கையில் இருந்த காசு கரைந்து போகிறது.

இதில் வேதனை என்ன தெரியுமா? பல சமயம் அந்த மகள் படிக்கிற வளாகத்துக்குள்ளேயே டாக்டர் இருப்பார். அதற்கான பணத்தை கல்லூரிக் கட்டணத்தோடு சேர்த்து அப்பாவே கட்டியும் இருப்பார். ஆனால் அப்பாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

இப்படி தெரியாமலே போகிற வசதிகள் என்னென்ன? அது இல்லாத பிள்ளைகள் எங்கே போகலாம்? விவரம் வருமாறு:-

மாறிப்போன ஊர்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி தாலுகாவில் இருக்கிறது தேர்வாய் கண்டிகை. ஒரு காலத்தில் ஆடு, மாடு மேய்ந்த மேய்க்கால் நிலத்தில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை. மிச்செலின் டயர் தொழிற்சாலையும் இங்கேதான். பக்கத்திலேயே 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம்.

ஊர் மாறியது போல பிள்ளைகளின் பாதையும் மாறிவிட்டது. பிளஸ்-2 முடித்ததும் ஒரு கூட்டம் பொன்னேரி அரசு கல்லூரிக்குப் போகிறது. ஒரு கூட்டம் சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்குகிறது. இன்னொரு கூட்டம் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கம்பெனியில் அப்ரண்டிசாக சேருகிறது.

மூன்று பேருக்கும் வயது ஒன்றுதான். ஆனால் உடம்புக்கு முடியவில்லை என்றால் மூன்று பேருக்கும் வழி வேறு வேறு. அங்கேதான் குழப்பமே.

18 வயது வரை டாக்டர் தேடி வருவார்

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறவரை பிரச்சினை இல்லை. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டப்படி டாக்டர், நர்ஸ் அடங்கிய குழு வண்டியிலேயே பள்ளிக்கு வரும். கண், காது, பல், தோல், இதயம் என்று பார்ப்பார்கள். குறை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். சத்து மாத்திரையும் பள்ளியிலேயே கிடைக்கும்.

இந்த திட்டம் 18 வயதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் தேடி வரமாட்டார்கள். பிள்ளைதான் தேடிப் போக வேண்டும். எங்கே போகணும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதுதான் விஷயமே.

காலேஜ் கிளினிக் என்றால் என்ன?

மாணவர்களுக்கு என்று தனி டாக்டர் வைக்கிற பழக்கம் பழையது. அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் என்ற கல்லூரியில் 1861-லேயே எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற டாக்டரை நியமித்து, மாணவர்களின் உடம்பை கவனிக்கச் சொன்னார்கள். படிப்பு எவ்வளவு முக்கியமோ, படிக்கிற உடம்பும் அவ்வளவு முக்கியம் என்று அப்போதே புரிந்துகொண்டார்கள்.

நம்ம ஊரில் சென்னை பல்கலைக்கழகம், கிண்டி அண்ணா பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் மாணவர்களுக்கு சுகாதார மையம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் தனி ஆஸ்பத்திரியே இருக்கிறது. தங்கிப் படிக்கிற பெரிய வளாகங்கள் பலவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் கிளினிக் இருக்கும்.

அங்கே பொதுவாக என்ன கிடைக்கும்?

* காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, வாந்தி, தலைவலி போன்றவற்றுக்கு டாக்டர் பார்த்து மருந்து தருவார்.

* அடிபட்டால் முதலுதவி, புண்ணுக்கு கட்டு, டி.டி. ஊசி.

* ரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனை. சில இடங்களில் ரத்தம், சிறுநீர் பரிசோதனையும் உண்டு.

* ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை என்று ஏற்கனவே நோய் உள்ள பிள்ளைகளுக்கு தொடர் கவனிப்பு.

* பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு கோளாறு, ரத்த சோகைக்கு ஆலோசனை.

* பரீட்சைக்கு வர முடியாத அளவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்று.

* அங்கே முடியாத கேஸ் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு கடிதம்.

கடைசியில் சொன்ன அந்த கடிதம் ரொம்ப முக்கியம். எத்தனை நாளாக காய்ச்சல், என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

என்ன கிடைக்காது?

ஆபரேஷன், பெரிய ஸ்கேன், பல நாள் தங்கி சிகிச்சை இதெல்லாம் காலேஜ் கிளினிக் வேலை இல்லை. டாக்டர் 24 மணி நேரமும் இருப்பார் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு இடத்துக்கும் நேரம் மாறும்.

அதனால் சேர்ந்த முதல் வாரமே பிள்ளை 4 கேள்வி கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கிளினிக் எங்கே இருக்கு? டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்? ராத்திரியில் யாரை கூப்பிடணும்? ஆம்புலன்ஸ் இருக்கா?

பெற்றோரும் ஒரு வேலை செய்யணும். கட்டண ரசீதை எடுத்து நிதானமா படிச்சுப் பாருங்க. 'மருத்துவக் கட்டணம்', 'இன்சூரன்ஸ்' என்று ஏதாவது ஒரு வரி இருந்தால், அதுக்கு என்ன கிடைக்கும்னு ஆபீசில் கேளுங்க. கூச்சப்பட வேண்டியதில்லை. நீங்க கட்டின பணம்தான். இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசி நம்பரை வீட்டிலும் எழுதி வையுங்க.

மாத்திரை போட்டா போதாதா?

போதாது என்பதற்கு டெங்கு ஒன்றே உதாரணம்.

டெங்கு காய்ச்சலில் ஆபத்து ஆரம்பிப்பதே பல நேரம் காய்ச்சல் இறங்கும்போதுதான். 3-வது நாளில் இருந்து 7-வது நாளுக்குள் சூடு குறையும். 'சரியாயிடுச்சு' என்று பிள்ளை கிளம்பி வகுப்புக்குப் போகும். அந்த நேரத்தில்தான் கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், மயக்கம் வரலாம். இதில் ஒன்று வந்தாலும் ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக்கூடாது.

இன்னொரு விஷயம். உடம்பு வலிக்குது என்று கடையில் கேட்டு வாங்குகிற ஐபுபுரூபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால்தான். அதுவும் டாக்டர் சொல்கிற அளவில்தான். மெடிக்கல் கடையில் இருப்பவருக்கு வந்திருப்பது டெங்குவா, சாதாரண காய்ச்சலா என்று எப்படி தெரியும்?

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடவில்லை என்றாலும் உஷார். ஒரே அறையில் 4 பேர், 6 பேர் படுக்கிற ஹாஸ்டலில் காசநோய் எளிதில் பரவும். அரசு ஆஸ்பத்திரியில் சளி பரிசோதனை இலவசம். மாத்திரை இலவசம். சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்காக தரப்படும் தொகை 2024 நவம்பரில் மாதம் ரூ.500-ல் இருந்து ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது. மறைக்க வேண்டிய நோய் இல்லை இது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய்.

பெண் பிள்ளைகள் எப்போதும் களைப்பா இருக்கு என்றால் 'சோம்பேறித்தனம்' என்று திட்டாதீங்க. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருப்பது தெரிந்தது. அதாவது ரெண்டு பேரில் ஒருத்தருக்கு! ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஐ.ஐ.டி.யில் நடந்தது

வளாகத்துக்குள் மருத்துவ வசதி ஏன் வேணும் என்பதை 2020 டிசம்பர் காட்டியது. கொரோனா காலத்தில் சென்னை ஐ.ஐ.டி. ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு அடுத்தடுத்து தொற்று. சில நாட்களில் எண்ணிக்கை 100-ஐ தாண்டியது. எல்லாரும் ஒரே மெஸ்சில் சாப்பிட்டதும் பரவக் காரணமாக சொல்லப்பட்டது.

உடனே ஹாஸ்டல்வாசிகள் எல்லாருக்கும் பரிசோதனை நடந்தது. தொற்று உள்ளவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்கள். சாப்பாடு அறைக்கே போனது. முதலில் காய்ச்சல் வந்த நாலு பேர் யாருக்கும் சொல்லாமல் மாத்திரை போட்டுப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்க பிள்ளை டாக்டரிடம் போவது பக்கத்து படுக்கை பிள்ளைக்கும் பாதுகாப்பு.

மனசு சரியில்லை என்றாலும் போகலாம்

நம்ம வீடுகளில் காலேஜ் வாசலை முதன்முதலாக மிதிக்கிற பிள்ளைகள் அதிகம். ஆங்கிலத்தில் பாடம், அரியர், கடன் வாங்கி கட்டிய பீஸ், ராகிங் பயம்... எல்லாம் சேர்ந்து தூக்கம் வராது. சாப்பாடு இறங்காது. இதை வீட்டில் சொன்னால் 'அப்பா கஷ்டப்படுவார்' என்று பிள்ளை மறைக்கும்.

2025 ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கிய உத்தரவு போட்டது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும், உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பிலும் கண்ணில் படுகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. உங்க பிள்ளை காலேஜில் ஆலோசகர் யார்னு நீங்க கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

அங்கே போனால் வார்டனுக்கு தெரிஞ்சுடுமோ, கல்யாணத்துக்கு பிரச்சினை ஆகுமோ என்று பயம் வேண்டாம். மனநல சிகிச்சை பற்றிய விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டு சட்டமே சொல்கிறது.

நேரில் போக தயக்கமா? 14416 என்ற எண்ணுக்கு போன் போடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. 24 மணி நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

கிளினிக் இல்லாத காலேஜா?

தினமும் ரயிலிலும் பஸ்சிலும் போய் வருகிற பிள்ளைகள் படிக்கிற எல்லா கல்லூரியிலும் டாக்டர் இருக்க மாட்டார். அவர்களுக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையம்தான் கிளினிக். காய்ச்சல், நாய்க்கடி, பிரசவம் என்று எல்லாவற்றுக்கும் நாம் போகிற அதே இடம். அங்கே சீட்டு வாங்கினால் டாக்டர் பார்ப்பார், மருந்து இலவசம்.

நாய் கடித்தால் முதல் வேலை, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுவது. அப்புறம் உடனே ஊசி. அன்றைக்கு ஒன்று, 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று தோலில் போடுகிற ஊசி மொத்தம் 4 தடவை. மூணு ஊசியோடு நிறுத்திவிட்டு 'காலேஜ் இருந்தது, போகல' என்று சொல்லக்கூடாது.

அதற்கு மேல் என்றால் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது.

என்ன செய்வது என்றே புரியவில்லை என்றால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. இது தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் இருந்து ஓடுகிறது. சிப்காட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகிற பிள்ளைகளுக்கு இது தெரிந்தே இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும்தான். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு.

அப்பாவின் ஈ.எஸ்.ஐ. பிள்ளைக்கும் உண்டு

இது நிறைய பேருக்கு தெரியாத விஷயம். சிப்காட்டில் அப்பாவோ அம்மாவோ ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால், சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. 2019 ஜூலையில் வந்த கணக்கு இது. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

அந்த பணத்துக்கு வைத்தியம் உங்களுக்கு மட்டும் இல்லை. உங்களை நம்பி படிக்கிற பிள்ளைக்கு 21 வயது வரை உண்டு. திருமணமாகாத மகளுக்கும் உண்டு. மருந்தகத்தில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் சென்னை அயனாவரம், கே.கே.நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரை போகலாம்.

ஒரே நிபந்தனை, குடும்ப விவரத்தில் பிள்ளை பெயர் இருக்கணும். இல்லை என்றால் ஆதாரை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போய் இப்பவே சேருங்க. காய்ச்சல் வந்த பிறகு அலையாதீங்க.

அப்ரண்டிஸ் பிள்ளைகள் கதை

மூணு கூட்டத்தில் ரொம்ப கவனமா இருக்க வேண்டியது இவர்கள்தான்.

கம்பெனி சட்டை, கம்பெனி பஸ், கம்பெனி சாப்பாடு. பார்த்தால் தொழிலாளி மாதிரிதான். ஆனால் 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதனால் அவருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. 2025 நவம்பர் 21-ந் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகும் இதில் மாற்றம் இல்லை.

அப்படின்னா ஒன்றுமே இல்லையா? இருக்கு. பயிற்சியின்போது, பயிற்சியால் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று அதே அப்ரண்டிஸ் சட்டத்தில் இருக்கிறது. 500 பேருக்கு மேல் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும். அடிபட்டால் அந்த அறையில் அப்ரண்டிசும் முதலுதவி கேட்டு வாங்கலாம். அடிபட்ட உடனே அங்கே போய் பதிவு செய்துவிட வேண்டும். 'சின்ன காயம்தானே' என்று விட்டால், நாளைக்கு கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்காது.

ஆனால் ஹாஸ்டல் அறையில் காய்ச்சல் வந்தால்? அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம், அரசு ஆஸ்பத்திரிதான்.

பூந்தமல்லி தந்த பாடம்

இதுவும் நம்ம மாவட்டத்தில் நடந்ததுதான். 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் சாப்பாடு விஷமானது. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

போன தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்று மற்ற பெண்களுக்கு சரியான தகவல் இல்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. டிசம்பர் 17-ந் தேதி ராத்திரி ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலையே மூடப்பட்டு, அடுத்த மாதம் 12-ந் தேதிதான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரமாக இல்லை என்று பிறகு ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அந்த பெண்களும் நம்ம காலேஜ் பிள்ளைகள் வயதுதான். பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிறபோது கட்டில், மின்விசிறி மட்டும் பார்க்காதீங்க. 2014-ம் ஆண்டு சட்டப்படி பெண்கள் விடுதிக்கு மாவட்ட கலெக்டரின் உரிமம் வேண்டும். உரிமம் இருக்கா? தண்ணீர் எங்கிருந்து வருது? உடம்பு சரியில்லைன்னா டாக்டர் யார்? இதையும் கேளுங்க.

பெரிய செலவு வந்தால்

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமான வரம்பு 2022-ல் ரூ.72 ஆயிரத்தில் இருந்து ரூ.1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. ரேஷன் கார்டில் பெயர் உள்ள பிள்ளையும் இதில் அடக்கம். காலேஜ் மாணவர், அப்ரண்டிஸ் யாராக இருந்தாலும் பொருந்தும். ஆனால் இது ஆபரேஷன், உள்நோயாளி சிகிச்சை போன்றவற்றுக்குத்தான். சாதாரண காய்ச்சலுக்கு கிளினிக்தான்.

ஒரு சின்ன சீட்டு போதும்

பிள்ளை ஊரை விட்டு கிளம்புகிறபோது ஊறுகாய் பாட்டில், போர்வை எல்லாம் கட்டிக் கொடுக்கிறோம். கூடவே அடையாள அட்டை பின்னால் ஒரு சீட்டு வைத்து அனுப்புங்க. அதில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:-

காலேஜ் கிளினிக் நேரம், போன் நம்பர். பிள்ளையின் ரத்த வகை. எந்த மருந்து ஒத்துக்காது என்ற விவரம். அப்பாவின் ஈ.எஸ்.ஐ. எண் அல்லது காப்பீட்டு அட்டை எண். 108, 104, 14416.

அடுத்த முறை ராத்திரி 10 மணிக்கு "அம்மா காய்ச்சல்" என்று போன் வந்தால், "மாத்திரை வாங்கிப் போட்டுக்க" என்று சொல்ல வேண்டாம். "அந்த சீட்டை எடும்மா... கிளினிக்குக்கு போன் போட்டியா?" என்று கேளுங்க. காலையில் அப்பா ஷிப்டுக்குப் போகலாம். மகளும் டாக்டர் பார்வையில் இருப்பாள்.